கிளியின் மேல் இறங்கிய காமாலை

மத்தியான வெயில். அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பழைய ரவிக்கைத் துணி, துணிக்குள் எங்கள் கிளி. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரில் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைக்கிறேன். அந்தத் தடித்த சின்ன நாக்கு அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைந்தது. இன்னொரு சொட்டு வைக்கிறேன்.

"மாதம்மா, அதுக்கு வைத்தியம் எதுவும் பண்ணாத."

சொன்னது என் வீட்டுக்காரர். எதிரே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கு மஞ்சள் காமாலை கண்டு பத்து நாளாகியிருந்தது. கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள்.

நோயாளி இருக்கிற வீட்டில் கிளியைத் தொட்ட கையோடு சமைக்கிறேனே என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தாங்க அடுப்பாண்ட போவன்" என்றேன்.

"கையைப் பத்தி யாரு கேட்டா? அதைக் காப்பாத்தாதங்கறன். போறது போவட்டும் விடு."

எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். இன்னும் போகவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், "யாரையும் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறீர்கள், உங்களுக்கு நல்ல மனசு" என்று கடிதம் போடுகிறார்கள். இந்த வாரம் அந்த நல்ல மனசை எதிர்பார்க்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இந்தப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்பீர்கள் என்று தெரியும். நில்லுங்கள். முழுவதும் படியுங்கள்.

தாசில்தார்

கிளியின் பெயர் தாசில்தார். வைத்தவர் என் அப்பா. அவர் மாந்தோப்புக்குக் காவல். பிஞ்சு விட்ட நாளிலிருந்து கவண் வைத்துக் கிளி விரட்டுவதுதான் அவருக்கு வேலை. கிளி என்றாலே பல்லைக் கடிப்பார். அப்படிப்பட்டவர், ஒரு காற்று மழைக்கு மறுநாள், முறிந்து விழுந்த பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து றெக்கை முளைக்காத குஞ்சு ஒன்றைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஊர்ல இருக்கற கிளியெல்லாம் எனக்கு எதிரி. இது ஒண்ணு மட்டும் நம்ம ஆளு" என்றார்.

வளர்ந்ததும் அது கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டு, வருகிறவனையெல்லாம் தலையைச் சாய்த்து ஏற இறங்கப் பார்க்கும். "யாரது?" என்று கேட்கும். வேறு பேச்சு வராது. மனுப் போட வந்தவனை நிற்க வைத்துக் கேட்கிற மாதிரியே இருக்கும். அதனால் தாசில்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். எழுதுவதற்கு முன்னால் என் மகளே சொன்னாள், "அம்மா, திட்டுவாங்க" என்று. திட்டட்டும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இன்றைக்கு நினைக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு கூண்டும் வண்டியில் வந்தது. வாசலில் ஆரத்தி எடுத்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆரத்தித் தட்டைப் பார்த்து அது "யாரது?" என்றதும் மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான், பரவாயில்லை, நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

நல்ல மனுஷன்தான். அதை மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். கலர் சாக்பீஸில் கல்லீரல் படம் வரைந்தால் பிள்ளைகள் அழிக்க மனசில்லாமல் மறுநாள் வரை வைத்திருப்பார்களாம். காமாலை எப்படி வருகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எப்படி வராது என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்தியவர். காமாலை அவருக்கே வந்தது. சரி, உடம்பென்றால் வரத்தானே செய்யும்.

உப்பில்லாத சோறு

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் கீழாநெல்லி என்றார்கள். இரண்டும் செய்தோம். விடிந்ததும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அலசி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பேன். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, புளி கூடாது. குழைந்த சோறும் மோரும்தான்.

மனுஷன் பாதியாகிவிட்டார். கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவார். படுத்துப் படுத்துச் சலிப்பு. அவருக்கு ஒரே பொழுதுபோக்கு தாசில்தார். கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஆடி பிறந்து மழைக்குக் காத்திருந்த சமயம். என் மாமியார்தான் காட்டு வேலையெல்லாம் பார்ப்பவர். வாயும் பெரிது, கையும் பெரிது. கடலையை உரித்து விதைக்கு எடுத்துத் தயாராக வைத்திருந்தார். மகன் படுத்துவிட்டதால் ஏர் ஓட்டுவது தள்ளிப்போனது. விதைக்கடலை மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

ஒரு நாள் காலையில் கிளி உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாசலில் ஆள் வந்தும் "யாரது?" என்று கேட்கவில்லை. மிளகாய்ப் பழத்தை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போயிருந்தது. மத்தியானத்துக்குள் குச்சியில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போது வால் மேலும் கீழுமாக ஆடியது.

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த மாமியார் கூண்டைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு முகத்தோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம் மவனுக்கு வந்தது இது மேல எறங்கிருச்சு கண்ணு. வாயில்லாத ஜீவன் வாங்கிக்கிச்சு. இனி அவன் எந்திரிச்சுருவான்."

எங்கள் பக்கத்தில் இது ஊரறிந்த பேச்சு. வீட்டில் ஒருவர் நோவில் கிடக்கும்போது ஒரு கன்றுக்குட்டியோ நாயோ செத்தால், "வூட்டுக்கு வந்தது அதோட போச்சு" என்பார்கள். வாங்கிக்கொண்ட ஜீவனுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்துப் பிழைக்க வைத்தால், அது வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. என் தம்பி டைபாய்டில் கிடந்தபோது எங்கள் வீட்டு நாய் செத்தது. நானும்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நாய்க்கு என்ன வந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். பத்து நாளில் முதல் தடவை.

"பாத்தியா மாதம்மா? காலையில அது சோந்துச்சு. இப்ப எனக்குப் பசிக்குது."

ஆஸ்பத்திரி மருந்தும் கீழாநெல்லியும் பத்து நாள் ஓய்வும் எங்கே போயிற்று? பரிசோதனை, காண்பன, முடிவு என்று நோட்டில் மூன்று தலைப்புப் போட்டு எழுத வைக்கிறவர் பேசுகிற பேச்சா இது? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் மத்தியானம்தான் நான் ஆரம்பத்தில் சொன்னது. காப்பாற்றாதே என்று அவர் சொன்னது.

மாட்டாஸ்பத்திரி

அதற்கடுத்த நாள் சந்தை. தக்காளி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒயர்கூடையின் அடியில் துணியை விரித்து, கிளியை வைத்து, மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடி, பஸ் ஏறிவிட்டேன். கல்யாணமாகி அதுவரைக்கும் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

மாட்டாஸ்பத்திரியில் சந்தைக்கு வந்த மாடெல்லாம் நின்றது. கூடையிலிருந்து நான் எடுத்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. "ஏம்மா, சினை ஊசி போடவா கொண்டாந்த?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் வூட்டு மாட்டுக்கு மட்டும்தான் உசுரா? மூடிக்கிட்டு நில்லு" என்றேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

டாக்டர் சின்ன வயசு. சிரிக்கவில்லை. கிளியை வாங்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார். அலகைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"என்ன தின்னுச்சும்மா?"

"எப்பவும் போலத்தாங்க. நெல்லு, கொய்யா, மொளகாப் பழம்."

"வாய்க்குள்ள பாருங்க. செவப்பா பவுடர் ஒட்டியிருக்கு. வூட்டுல விதைக்கு மருந்து கலந்து வச்சிருக்கீங்களா?"

கட்டிலுக்கு அடியில் கிடந்த விதைக்கடலை மூட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"விதைப்பு நேரத்துல கோழிங்க நிறைய இப்படித்தான் வரும். நேரா மூட்டையில வாய வச்சிருக்கும். கிளி கூண்டுக்குள்ள இருக்குதேம்மா, இதுக்கு யாரு குடுத்தா?"

எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அடுப்புக்கரியைச் சலித்துத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். குளுக்கோஸ் கொடுக்கச் சொன்னார். சூடு ஆறாமல் வைத்திருக்கச் சொன்னார்.

"பறவைக்குன்னு எங்கிட்ட பெருசா மருந்து இல்ல. மூணு நாள் தாண்டுச்சுன்னா பொழைச்சுக்கும். மணிக்கு ஒருதரம் குடுங்க, விட்றாதீங்க" என்றார்.

மூன்று நாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். கூடைக்குள் கையை விட்டால் அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடியில் பலம் இருந்தது.

மூட்டை

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டையை இழுத்தேன். மூலையில் தையல் பிரிந்து, விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே சிவப்புப் பொடி படிந்த கடலைப் பருப்பு நாலைந்து கிடந்தது.

"நீங்களா குடுத்தீங்க?"

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான் எண்ணெய்ப் பண்டம் ஆவாதே. அது தின்னறதையாவது பாப்பமேன்னு ஒண்ணு ரெண்டு குடுத்தன். செம்மண்ணுன்னு நெனச்சுத் தொடைச்சுட்டுத்தான் குடுத்தன்."

"மருந்து கலந்த வெதைங்க அது!"

"அம்மா எப்பக் கலந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? காய்ச்சல்ல கெடந்தன்."

அந்த இடத்தோடு விட்டிருந்தால் முதல் நாள் வந்த கோபம்கூட ஆறிப்போயிருக்கும். தெரியாமல் செய்தது. ஆசையில் செய்தது. நாலு சொட்டுக் கண்ணீர் விட்டு, "ஐயோ, இப்படிப் பண்ணிட்டனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே அவர் தலையைத் தடவிக்கொடுத்திருப்பேன். அவர் சொன்னது வேறு.

"அப்படின்னா அது என்னோடத வாங்கிக்கலையா?"

முகத்தில் அப்படி ஒரு பயம். கிளிக்கு வந்தது கடலை மருந்து என்றால், அவருடைய காமாலை அவரிடமே அல்லவா இருக்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவு கட்டிவிட்டார்.

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? கோழிக்கு ஊசி போடறவன். ரெண்டு கடலையில கிளி சாவுமா? இது அதுதான். கரித்தண்ணி குடுக்கற வேலையெல்லாம் வச்சிக்காத."

மாமியார் மூட்டையைத் தையல் போட்டு மூடினார். அவர் கலந்த மருந்துதானே, அவருக்குப் புரியாமல் இருக்குமா? புரிந்தது. "கடலையோ காமாலையோ, எம் மவன் எந்திரிச்சு உக்காந்தான். எனக்கு அது போதும்" என்றார். பெற்றவள். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் இல்லை.

இரண்டு நாள்

நான் கேட்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக, அவர் கண்ணெதிரேயே அவர் சொல்லைக் கேட்கவில்லை.

அடுப்படி மூலையில் இருந்த என் தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு, கூண்டை அங்கே மாற்றினேன். மண்சட்டியில் தணல் போட்டு மேலே சாம்பலை மூடி, கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். மணிக்கு ஒரு தடவை கரித்தண்ணீர் நாலு சொட்டு, குளுக்கோஸ் நாலு சொட்டு. அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும், நாக்கு அசைந்த பிறகுதான் அடுத்த சொட்டு. பின்பக்கத்துச் சிறகில் ஒட்டிக் காய்ந்த எச்சத்தை வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். உடம்பு எப்போது பார்த்தாலும் அனலாக இருக்கிற பறவை, கால் மட்டும் சில்லென்று இருந்தது. கால் இரண்டையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். "எனக்கு மோர் கொண்டா. அதுக்கு மட்டும் மணி பாத்துக் குடுக்கற." "நான் செத்தாலும் பரவால்ல, கிளி பொழைக்கணும் உனக்கு." அவருக்கு ஒரு வேளை மோர் தவறியது கிடையாது. கீழாநெல்லி தவறியது கிடையாது. இரண்டு நோயாளிக்கும் ஒரே கைதான் பார்த்தது. இதை அவர் இன்றைக்கு வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கிளி கண்ணை முழுசாகத் திறந்தது. கொய்யாப் பழத்தின் சதையை நகக்கண் அளவு எடுத்து வைத்தேன். தின்றது. நான் "அப்பா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. கட்டிலில் அவர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு நெஞ்சைக் கரிக்குது" என்றார்.

முச்சந்தி

மூன்றாம் நாள் காலையில் குழாயடிக்குப் போனேன். வரிசை பெரிதாக இருந்தது. இரண்டு குடத்தோடு திரும்பினால், அடுப்படியில் கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலும் காலி. மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேழ்வரகு புடைக்கிறார்.

"கிளி எங்க, அத்த?"

"கழிச்சுப் போட்டாச்சு. சத்தம் போடாத."

நோவைக் கழிப்பதென்றால், எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி, நோயாளியின் தலையைச் சுற்றி, முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். எலுமிச்சம்பழத்தோடு கிளியையும் வைத்திருக்கிறார். வேறு யாரும் இல்லை, அவரே கொண்டுபோயிருக்கிறார். கொல்லைக்குப் போக என் தோளைப் பிடித்த மனுஷன், பஸ் ரோடு சேருகிற முச்சந்தி வரைக்கும் தனியாக நடந்திருக்கிறார்!

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் அவர் எதிரே வந்தார். வேலியைப் பிடித்துப் பிடித்து வந்தார். நான் நிற்கவில்லை.

முச்சந்தியில் வெயில் ஏறியிருந்தது. கிளி மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. நெற்றியில் குங்குமம். கண்ணோரத்தில் எறும்பு. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர், கழிப்பு என்று தெரிந்து பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்ததும், "ஐயையோ, தொடாதம்மா! சயின்ஸ் சார் வூட்டுக் கழிப்பும்மா அது!" என்று கத்தினார்கள். சார் வீட்டுக்காரிதான் நான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

எடுத்தேன். எறும்பை ஊதினேன். உயிர் இருந்தது. விரலைக் கொடுத்தேன், பிடித்தது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். பாதி வழியில், புளியமரத்துப் பக்கத்தில் வரும்போது, பிடி விட்டுப்போயிற்று. எவ்வளவு தேய்த்தும், வாயால் ஊதியும், திரும்பப் பிடிக்கவில்லை. அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர் வருகிறவர் யாரும் கிட்டே வரவில்லை.

நான் கொடுத்த இரண்டு நாள் மருந்து அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது. ஒரு மணி நேர வெயிலிலும் எறும்பிலும் செத்தது. கடலையால் சாகவில்லை. காமாலையை வாங்கிக்கொண்டும் சாகவில்லை. இது மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

கொல்லைப் பக்கமாகப் போய், முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்து போய் வந்த களைப்பு.

"போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சு."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"மாதம்மா, ரொம்பப் பசிக்குது. கொஞ்சம் சோறு போடு."

என்னென்னவோ கேட்க நினைத்தேன். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கலாம். உங்களுக்கு மனசாட்சி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

சோற்றைக் குழையப் பிசைந்து போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன். இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா என்று வேறு கேட்டேன்.